பாதி செத்த ஈஸ்ட்

மேரிபோர்ட்
6 பிப்ரவரி 1983

அன்புள்ள அண்ணா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே அடுப்பில் போடத் தோன்றியிருக்கும். போடாமல் பிரித்திருந்தால் நன்றி. நாலரை வருடத்தில் இந்தக் கடிதத்தை எத்தனை முறை ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் கீத்தின் பெயரை எந்த இடத்தில் எழுதுவது என்று தெரியாமல் நிறுத்திவிடுவேன். இந்த முறை முதலிலேயே எழுதிவிட்டேன்.

விஷயம் இதுதான். நம் ஜேனட்டுக்குக் கல்யாணம். மே பதினான்காம் தேதி, சனிக்கிழமை. பையன் பெயர் நெவில், மின்சார வேலை செய்கிறான். அதிகம் பேசமாட்டான், நன்றாகச் சாப்பிடுவான், ஜேனட் திட்டினால் சிரிப்பான். இதைவிட நல்ல மாப்பிள்ளை எனக்கு எங்கே கிடைக்கும்? அவள் அம்மா இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

விருந்து சர்ச் ஹாலில். ஹாம், பன்றிக்கறி பை, கேக் எல்லாம் நெவிலின் அம்மா பார்த்துக்கொள்கிறார். பீர் மட்டும் என் பொறுப்பு. "கடை பீர் வேணாம்பா, நீ காய்ச்சு. ஹல்ல இருந்தப்ப பெரியப்பாவும் நீயும் காய்ச்சுவீங்களே, அந்த மாதிரி" என்கிறாள். மால்ட் இங்கே கிடைக்கிறது. பீருக்கான ஈஸ்ட்தான் கிடைக்கவில்லை. ரொட்டிக்குப் போடுவதைத் தருகிறார்கள். அதைப் போட்டுக் காய்ச்சினால் நெவிலின் சொந்தக்காரர்கள் என்னை மேரிபோர்ட்டை விட்டே துரத்திவிடுவார்கள்.

நான்கு வாளி காய்ச்சப் போகிறேன். உங்கள் கடையிலிருந்து எட்டுப் பொட்டலம் ஈஸ்ட் அனுப்ப முடியுமா? நீங்களும் அண்ணியும் கல்யாணத்துக்கு வந்தால் அதைவிடப் பெரிய விஷயம் எனக்கு இல்லை. வராவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

வீட்டில் போன் இல்லை. எதிரே இருக்கும் மதுக்கடைக்குப் போன் செய்தால் கூப்பிடுவார்கள். எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் தம்பி
ரெஜ்


ஹல்
17 பிப்ரவரி 1983

ரெஜ்,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. எந்தக் காகிதத்தையும் நான் எறிவதில்லை. கடை நடத்துகிறவனுக்கு அந்தப் பழக்கம் வந்துவிடும்.

கல்யாணத்துக்கு நாங்கள் வரமாட்டோம். மேவிஸிடம் சொன்னேன். தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். ஜேனட் எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை. அவள் மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஈஸ்ட் அனுப்புகிறேன். அவளுக்காக.

நீ பேச்சை எடுத்ததால் நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். என் மகன் கீத் செத்த விபத்தின் விசாரணை அறிக்கை என் கடை மேசைக்குள் இருக்கிறது. பின் டயர் முழுக்கத் தேய்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மோட்டார் சைக்கிளை அவனுக்குக் கொடுத்தது நீ. கொடுத்த அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது அவன் அம்மாவிடம் சொன்னானாம்: "டயர் குளிர்காலம் வரைக்கும் தாங்கும்னு சித்தப்பா சொன்னாரு." மேவிஸ் இதை என்னிடம் சொன்னது போன வருடம்தான். மூன்று வருடம் மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

நீ அப்படிச் சொன்னாயா? ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுது. மழையைப் பற்றி எழுதாதே. மழை பெய்தது எனக்கும் தெரியும்.

கிளெமென்ட்


மேரிபோர்ட்
1 மார்ச் 1983

அன்புள்ள அண்ணா,

ஈஸ்ட் வந்து சேர்ந்தது. எட்டுப் பொட்டலம். ஜேனட்டுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, பெரியப்பாவுக்குக் கோபமெல்லாம் இல்ல" என்கிறாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். நான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. பையன்கள் எதையாவது கேட்டு, எதையாவது புரிந்துகொண்டு, வீட்டில் வந்து ஒன்றைச் சொல்வார்கள். டயரைப் பற்றி ஏதாவது பேசியிருப்பேன். அது எனக்குத் தொழில், நாள் முழுக்க டயரைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி இல்லை. இல்லை என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொரு விஷயம். பொட்டலங்களின் மேல் ஓரத்தைக் கத்தரியால் வெட்டி, மடித்து ஒட்டியிருக்கிறீர்கள். எட்டிலும் அப்படித்தான். தேதி அச்சடிப்பது அங்கேதானே? எலி கடித்துவிட்டதா? குறையாகக் கேட்கவில்லை. ஆயிரம் வேலைக்கு நடுவே அனுப்பியிருக்கிறீர்கள்.

பன்னிரண்டாம் தேதி காய்ச்சுகிறேன். அண்ணிக்கு என் அன்பு.

ரெஜ்


ஹல்
9 மார்ச் 1983

ரெஜ்,

ஓரம் ஈரம் பட்டிருந்தது, வெட்டினேன். உள்ளே நன்றாக இருக்கிறது. வாளிக்கு இரண்டு போடு.

நீ சொல்லவில்லை என்கிறாய். சரி.

கிளெமென்ட்


மேரிபோர்ட்
5 ஏப்ரல் 1983

அன்புள்ள அண்ணா,

ஈஸ்டர் முடிந்தது. வயிறு இன்னும் நிரம்பியே இருக்கிறது. ஆனால் மனசு சரியில்லை. முதலில் பீர் விஷயம்.

பன்னிரண்டாம் தேதி நான்கு வாளியிலும் ஈஸ்ட் போட்டேன். அடுத்த நாள் பார்த்தால் ஒன்றுமில்லை. குளத்துத் தண்ணீர் மாதிரி அப்படியே கிடக்கிறது. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் மேலே மெல்லிசாக நுரை, சோப்பு போட்டுக் கை கழுவின தண்ணீர் மாதிரி. நம் ஹல் வீட்டில் வாளி மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கி, அண்ணியின் தரை விரிப்பை நாசம் பண்ணுமே, அந்த வேகம் இதில் இல்லை. இழுத்து இழுத்து மூன்று வாரம் போயிற்று. சர்க்கரை அளக்கும் மிதவையைப் போட்டுப் பார்த்தால் நான்கிலும் ஆயிரத்து இருபது. ஆயிரத்துப் பத்துக்குக் கீழே இறங்க வேண்டியது. ஒரு வாரமாக அசையவே இல்லை. கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் தினமும் எழுதிவைக்கிறேன்: இருபது, இருபது, இருபது. நெவில் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இது என்ன, பஸ் நம்பரா?" என்கிறான்.

வாயில் வைத்தால் இனிக்கிறது. சர்க்கரை இன்னும் மிச்சம் இருக்கிறது என்று தோன்றுகிறது. பாட்டிலில் அடைக்கலாமா? இன்னும் காத்திருக்கலாமா? வேறு ஈஸ்ட் போட வேண்டுமா? நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படிச் செய்கிறேன். இந்த விஷயத்தில் உங்கள் வார்த்தையை நான் மீறியதே இல்லை.

இப்போது மற்றது.

வெள்ளிக்கிழமை சர்ச்சுக்குப் போனேன். ஜேனட் கூப்பிட்டதால் போனேன், பக்தியால் இல்லை. உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க உங்களுக்கு எழுதின அந்த "இல்லை"யைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணா, நான் சொன்னேன். அந்த வார்த்தைதான் சொன்னேன். கீத் டயரைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "சித்தப்பா, இது வழுவழுன்னு இருக்கே" என்றான். "குளிர்காலம் வரைக்கும் தாங்கும்டா, ஓட்டு" என்றேன். புது டயர் கொட்டகையில் இருந்தது. வேறு ஒருவருக்காக எடுத்து வைத்திருந்தேன். அடுத்த வாரம் இன்னொன்று வரவழைத்து மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

ஜேனட்டுக்குத் தெரியாது. கீத்தைத் தன் கூடப் பிறந்தவனாக நினைத்தவள். அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

ரெஜ்


ஹல்
8 ஏப்ரல் 1983

அன்புள்ள ரெஜ்,

உண்மையை எழுதியதற்கு நன்றி. எழுதுவது சுலபமாக இருந்திருக்காது. இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பீரைப் பற்றிக் கவலைப்படாதே. சில மால்ட் அப்படித்தான், இருபதிலேயே நின்றுவிடும். இனிப்பும் இருக்கும். கல்யாணத்தில் பெண்களுக்குப் பிடிக்கும். வழக்கம்போல பாட்டிலுக்கு அரைக் கரண்டி சர்க்கரை போட்டு அடைத்துவிடு. மூடியை இறுக்கமாகப் போடு. சில்லென்ற இடத்தில் வைக்காதே. வெதுவெதுப்பான இடமாகப் பார்த்து வை, சீக்கிரம் தெளியும்.

ஜேனட்டுக்கு எங்கள் ஆசிகள்.

உன் அண்ணன்
கிளெமென்ட்


மேரிபோர்ட்
26 ஏப்ரல் 1983

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். "உன் அண்ணன்" என்று போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காக நான்கு மைல் நடந்தே வேலைக்குப் போனேன், பஸ்ஸை விட்டுவிட்டு.

பத்தாம் தேதி அடைத்தேன். மொத்தம் நூற்று நாற்பது பாட்டில். நீங்கள் சொன்ன மாதிரி வெதுவெதுப்பான இடம், மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரி. சமையலறைப் பாய்லர் சுவரின் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பூனை குளிர்காலம் முழுக்க அங்கேதான் படுத்திருந்தது. இப்போது பூனையைக் காலிசெய்துவிட்டோம். எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

நேற்று ஒன்றைத் திறந்து பார்த்தோம். அண்ணா, திறந்ததுதான் தெரியும். நுரை சீறிக்கொண்டு போய்க் கூரையில் அடித்தது! முக்கால் பாட்டில் தரையில். நெவில் தலை முழுக்க நனைந்துவிட்டது. ஜேனட் விழுந்து விழுந்து சிரித்தாள். "பெரியப்பாவோட ஈஸ்ட் ரொம்பக் கோபக்காரன்பா. இத்தனை நாள் பேசாம இருந்துட்டு ஒரேயடியாப் பேசுறான்."

சிரித்தோம். ஆனால் இது சரிதானா? இரண்டே வாரத்தில் இவ்வளவு வேகம் வரலாமா? ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் கடையிலிருந்து மதுக்கடைக்கு ஒரு போன் போடுங்கள்.

அழைப்பிதழை ஜேனட்டே தன் கையால் எழுதி அனுப்புகிறாள். வராவிட்டாலும் பரவாயில்லை. உங்களுக்காக நாற்காலி போடுகிறோம்.

ரெஜ்


ஹல்
11 மே 1983

ரெஜ்,

இதைப் படித்த உடனே எழுந்து போய் வேலையைப் பார். அந்தப் பாட்டில்களை யாரும் தொடக் கூடாது. பாய்லரை அணை. கையில் தடித்த தோல் உறை போட்டுக்கொள், முகத்தை மூடிக்கொள், அலமாரி மேல் கனத்த போர்வையைப் போடு. ஒரு நாள் ஆறவிட்டு ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்து. எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிவிடு.

ஈஸ்ட் பழையது. காலாவதியாகி இரண்டு வருடம் ஆகிறது. கூரைக்கு அடியில் மாடத்தில் இரண்டு கோடைகாலம் கிடந்த பெட்டி, எறிய வைத்திருந்தது. அனுப்பும் முன் ஒரு பொட்டலத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் அசைந்தது. முழுக்கச் செத்திருந்தால் ஆபத்தில்லை, ஒன்றும் நடக்காது. இது பாதி செத்தது. கொஞ்ச தூரம் போய்த் தூங்கிவிடும். பாட்டிலில் சர்க்கரையும் சூடும் கிடைத்ததும் எழுந்து, விட்ட வேலையை முடிக்கும்.

முதலில், பீர் சப்பென்று போய் நீ நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். பிறகு நினைத்தது வேறு. எழுத விரும்பவில்லை.

ஜேனட்டின் அழைப்பிதழ் வந்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "கீத் இருந்திருந்தா என் பக்கத்துல அவன்தான் நின்னிருப்பான் பெரியப்பா." அதனால் எழுதுகிறேன்.

கிளெமென்ட்


மேரிபோர்ட்
20 மே 1983

கிளெமென்ட்,

உன் கடிதம் திங்கட்கிழமை காலை வந்தது. கல்யாணம் சனிக்கிழமை.

உறையைப் பார்த்தேன். இரண்டாம் வகுப்புத் தபால்தலை ஒட்டியிருக்கிறாய். முதல் வகுப்பு ஒட்டியிருந்தால் வியாழக்கிழமை வந்திருக்கும். உன் கடையில் போன் இருக்கிறது. மதுக்கடை எண்ணை என் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். நீ எந்தக் காகிதத்தையும் எறிவதில்லை. நீ எங்களைக் காப்பாற்ற அந்தக் கடிதத்தை எழுதவில்லை, கிளெமென்ட். எழுதினேன் என்று பிறகு சொல்லிக்கொள்வதற்காக எழுதினாய்.

என்ன நடந்தது என்று தெரிந்துகொள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. வீட்டில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தோம், பாய்லர் விடியற்காலையிலிருந்து எரிந்தது. நெவிலின் மச்சான் பதினோரு மணிக்கு வேனோடு வந்து பீரை ஹாலுக்கு எடுத்துப் போவதாக ஏற்பாடு. ஜேனட்டின் வெள்ளைச் செருப்பு டப்பா அலமாரிக்குள் பாட்டில் பெட்டிகள் மேல் இருந்தது. தூசி படாமல் இருக்க நான்தான் அங்கே வைத்தேன். தலையில் சுருள் கம்பிகளோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அப்பா, டை கட்டத் தெரியலைன்னா சும்மா நில்லு, நான் வந்து கட்டுறேன்" என்றாள். அலமாரியைத் திறந்தாள். டப்பாவைத் தூக்கினாள்.

முதலில் ஒன்றுதான் வெடித்தது. பிறகு அதன் பக்கத்தில் இருந்தது. பிறகு எத்தனை என்று எண்ணவில்லை. கதவு அப்படியே பெயர்ந்து வந்துவிட்டது. நான் அவளை இழுத்து வெளியே போட்டபோது பீரும் ரத்தமும் கலந்து படியில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. "அப்பா, விளக்கைப் போடு" என்றாள். காலை பத்து மணி. வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

இடது கண்ணை ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டார்கள். வலது கண் பிழைத்தது. கன்னத்தில் பத்தொன்பது தையல்.

ஐந்தாம் தேதி என் குற்றத்தை எழுதி உன் கையில் கொடுத்தேன். எட்டாம் தேதி "பாட்டிலில் அடை, வெதுவெதுப்பான இடத்தில் வை" என்று எழுதினாய். "உன் அண்ணன்" என்று கையெழுத்துப் போட்டாய்.

ரெஜ்


ஹல்
27 மே 1983

ரெஜ்,

உன் மகளுக்கு ஒரு கண் மிச்சம் இருக்கிறது. என் மகனுக்கு இரண்டும் மூடியிருந்தன. மேவிஸால் முடியவில்லை, நான்தான் உள்ளே போய் ஆமாம் இவன்தான் என்று சொன்னேன். எனக்கு விவரம் எழுதிக்காட்டாதே. என்னிடமும் விவரங்கள் இருக்கின்றன.

நான் செய்ததை நியாயப்படுத்தவில்லை. எட்டாம் தேதி நீ மட்டும்தான் என் கண்ணில் பட்டாய். அலமாரியை நீதான் திறப்பாய் என்று நினைத்தேன். பீருக்கு வீட்டில் முதலில் கை நீட்டுகிறவன் எப்போதும் நீதான்.

மேவிஸுக்கு நெவிலின் அம்மா கடிதம் போட்டிருக்கிறார். மேவிஸ் நாளை ரயிலேறுகிறாள். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீ ஜேனட்டிடம் என்ன சொன்னாய் என்று எழுது. என் கடிதங்களைக் காட்ட நினைத்தால் ஐந்தாம் தேதி கடிதத்தை நானும் காட்ட வேண்டியிருக்கும். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கிளெமென்ட்


மேரிபோர்ட்
9 ஜூன் 1983

கிளெமென்ட்,

மிரட்ட வேண்டாம். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அவளே கேட்டாள். சுவரில் சாக்கட்டியால் எழுதியதை நெவில் சொல்லியிருக்கிறான். "இருபதுலயே நிக்குதுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏம்பா அடைச்ச?" கட்டுப் போடாத ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டாள். சொல்ல வாயெடுத்தேன். பெரியப்பா சொன்னார் என்று சொன்னால், பெரியப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் சொல்ல வேண்டும். "அவசரப்பட்டுட்டேன்மா. கல்யாணத்துக்கு ரெடியாகணுமேன்னு" என்றேன்.

"உன் அவசரம்" என்றாள். அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அண்ணி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டிவிடுகிறார். என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கல்யாணத்தைத் தள்ளிவைத்திருக்கிறோம். நெவில் தினமும் வருகிறான். நெவிலின் அம்மா ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "போட்டோல வலது கன்னத்தைக் காட்டித் திரும்பி நின்னா தெரியாது." ஆறுதலாகத்தான் சொன்னார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ரெஜ்


ஹல்
14 ஆகஸ்ட் 1983

ரெஜ்,

ஜேனட் நலம். நீ மேவிஸுக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வராததால் நான் எழுதுகிறேன்.

அந்த வீட்டுப் படியில் ஏற முடியாது என்று அவளே சொல்லித்தான் மேவிஸ் இங்கே அழைத்து வந்தாள். கீத்தின் அறையில் இருக்கிறாள். அந்த ஜன்னலை நான் திறந்து பல வருடமாயிற்று, அவள் வந்த அன்றே திறந்துவிட்டாள். கண்ணாடிக் கண் பொருத்தியிருக்கிறார்கள், நிறம் சரியாக அமைந்திருக்கிறது. காலையில் கடைக்கு வருகிறாள். வாடிக்கையாளர்களிடம் நன்றாகப் பேசுகிறாள். நேற்று ஒருவர் பழைய ஈஸ்ட் பொட்டலத்தைக் கொண்டுவந்து "இதைப் போடலாமா?" என்று கேட்டார். ஜேனட் அவர் கையிலிருந்து பிடுங்கிக் குப்பையில் போட்டாள். "புதுசா வாங்குங்க சார்" என்றாள். மேவிஸ் சமையலறையில் பாட ஆரம்பித்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று தட்டு வைக்கிறோம். முன்பும் இந்த வீட்டில் மூன்று தட்டுதான்.

உன்னைப் பற்றி அவள் கேட்பதில்லை. நானாகவும் சொல்வதில்லை. நீ வராமல் இருப்பது நல்லது.

கிளெமென்ட்


மேரிபோர்ட்
25 செப்டம்பர் 1983

கிளெமென்ட்,

ஆகஸ்ட் கடிதத்தைத் தினமும் படிக்கிறேன். மூன்று தட்டு என்று எழுதினாயே, அந்த இடத்தில் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. உனக்கே தெரிந்திருக்காது.

என் மகளின் கண்ணை எடுத்தாய். பிறகு மகளையும் எடுத்துக்கொண்டாய். என் மகள் உன் கடையில் நின்று சிரித்துப் பேசி உனக்கு வியாபாரம் செய்துகொடுக்கிறாள். நான் இங்கே மாடிப்படிக்குக் கீழே இன்னும் கண்ணாடித் துண்டு பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். நான்கு மாதமாகியும் கிடைக்கிறது.

கீத் விஷயத்தில் நீ எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன் என்று எழுதினேன். வாங்கிக்கொண்டேன். போதும். நெவில் வாரம் தவறாமல் ஹல்லுக்கு வருகிறான், அவனோடு அவளை அனுப்பிவை. அக்டோபர் எட்டாம் தேதிக்குள் வராவிட்டால் உன் மூன்று கடிதங்களையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். மார்ச் ஒன்பது, ஏப்ரல் எட்டு, மே பதினொன்று. சாப்பாட்டு மேசையில் அண்ணி முன்னால் வைப்பேன். என் கடிதத்தையும் நானே வாசித்துக்காட்டுவேன். அவள் என்னை வெறுக்கட்டும். நம் இரண்டு பேரையும் வெறுக்கட்டும். உன்னை மட்டும் நேசித்துக்கொண்டிருக்க விடமாட்டேன்.

ரெஜ்


ஹல்
30 அக்டோபர் 1983

ரெஜ்,

நீ வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எட்டாம் தேதி நீ வந்து கதவைத் தட்டியபோது வீட்டில் யாரும் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் உன்னிடம் சொன்னார். நான் உள்ளேதான் இருந்தேன். எழுந்து வந்து திறக்கவில்லை.

அக்டோபர் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை. மேவிஸ் பொட்டலம் கட்டத் துண்டுக் கயிறு தேடிக் கடை மேசையைத் திறந்திருக்கிறாள். விசாரணை அறிக்கைக்குக் கீழே உன் கடிதங்கள் எல்லாம் தேதி வாரியாக இருந்தன. நீ செப்டம்பரில் எழுதிய மிரட்டல் அவற்றின் மேலேயே இருந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அவள் தட்டு வைக்கவில்லை, கடிதங்களை வைத்தாள். ஏப்ரல் ஐந்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தாள். எனக்குத் தெரிந்து மேவிஸ் சத்தமாக எதையும் வாசித்ததில்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ரொம்ப நேரம் ஆயிற்று.

டயர் விஷயம் வந்தபோது ஜேனட் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "சித்தப்பா, இது வழுவழுன்னு இருக்கே" என்ற இடத்தில் "கீத்தேதான்" என்று மெதுவாகச் சொன்னாள். உன் மே மாதக் கடிதத்தை முடிக்கும் வரை மேசையிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு என்னிடம் கேட்டாள்.

"எங்கப்பா அஞ்சாம் தேதி எழுதினார். நீங்க எட்டாம் தேதி பதில் போட்டீங்க. அந்த மூணு நாள் என்ன பண்ணீங்க பெரியப்பா?"

"கடையைத் திறந்தேன், மூடினேன்" என்றேன்.

"அவருக்கு மூணு நாள்கூடத் தேவைப்படல" என்றாள். உன்னைப் பற்றித்தான் சொன்னாள். "ஒரு நிமிஷம். ஓட்டுடான்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

மேவிஸ் என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான். "அவன் சோம்பேறித்தனத்துல என் பையனைக் கொன்னான். நீ யோசிச்சுப் பண்ணின." அன்று சாயங்காலமே இருவரும் மேவிஸின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். மேவிஸ் போகும்போது அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். உள்ளே கறி பாதி வெந்திருந்தது.

இருபத்திரண்டாம் தேதி பதிவு அலுவலகத்தில் ஜேனட்டுக்கும் நெவிலுக்கும் கல்யாணம் நடந்துவிட்டது. மேவிஸ் ஒரு அட்டையில் எழுதியிருந்தாள். மேவிஸும் நெவிலின் அம்மாவும்தான் சாட்சி. எந்த ஊரில் குடியிருக்கப் போகிறார்கள் என்று எழுதவில்லை. ஜேனட் உன்னிடமும் என்னிடமும் சொல்லச் சொன்னதாக ஒரு வரி இருந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்:

"ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிட்டே இருங்க. எனக்கு எழுதாதீங்க."

கடையை இந்த வாரம் திறக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

கிளெமென்ட்


மேரிபோர்ட்
4 நவம்பர் 1983

கிளெமென்ட்,

கிடைத்தது.

உன்னோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை. நெவிலின் அம்மா என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார், அவரிடம் கேட்க முடியாது. அண்ணி உனக்கு மறுபடி அட்டை போட்டால் ஒன்று மட்டும் கேட்டு எழுது.

கல்யாணப் போட்டோவில் அவள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாள்?

ரெஜ்